கம்பெனியை அரசு எடுத்துக்கிச்சு... ஆனா பறக்கிறதை விடலை! யார் இந்த ஜே.ஆர்.டி. டாடா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஏதாவது ஒரு தெருவில் காலை நேரத்தில் நடந்து பாருங்க. பல வீடுகளிலிருந்து தறிச் சத்தம் கேட்கும். உள்ளே குழித்தறியில் உட்கார்ந்திருப்பவர் நெய்யும் பட்டு பெரும்பாலும் அவருடையது இல்லை. நூலும் ஜரிகையும் கூட்டுறவு சங்கமோ முதலாளியோ கொடுத்தது. நெய்து முடித்த சேலையும் அங்கேயேதான் போகும். கையில் வருவது கூலி மட்டும். ஆனால் சேலையின் உடலும் கரையும் சேரும் கோர்வை பிசகினால் அந்தப் பிசகு அவருடையது. சுத்தமாக வந்தால் அந்தப் பெருமையும் அவருடையது.

இந்த ஊரில் வளர்ந்த எனக்கு, ஜே.ஆர்.டி. டாடாவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தறிதான் நினைவுக்கு வரும். பெரிய பணக்காரருக்கும் நெசவாளிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். ஏர் இந்தியாவை ஆரம்பித்தவர், டாடா குழுமத்தின் தலைவர், பாரத ரத்னா... ஜே.ஆர்.டி. பற்றி நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால் அவர் ஆரம்பித்த விமான கம்பெனி, அவர் வாழ்க்கையின் பிற்பாதி முழுக்க அவருடையதாக இல்லை. ஒருநாள் அதன் சேர்மன் பதவியும் போனது. அதன் பிறகும், 78 வயதில், ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஏறி உட்கார்ந்து தானே ஓட்டினார்.

ஏன்? அதைப் புரிந்துகொள்ள, பிரான்ஸ் நாட்டுக் கடற்கரை ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கடற்கரையில் இறங்கிய விமானம்

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாடா பிறந்தது 1904 ஜூலை 29, பாரிஸில். அப்பா ஆர்.டி. டாடா, டாடா குழுமத்தைத் தொடங்கிய ஜாம்ஷெட்ஜி டாடாவுக்கு உறவினர். அம்மா சூசன் பிரெஞ்சுக்காரர். வீட்டில் பேசிய மொழி பிரெஞ்சு. வருஷா வருஷம் கோடை விடுமுறைக்கு அந்தக் குடும்பம் போகும் இடம் வட பிரான்ஸில் உள்ள ஹார்டெலோ என்ற கடற்கரை ஊர்.

அங்கே பக்கத்து வீட்டுக்காரர் யார் தெரியுமா? லூயி பிளேரியோ. 1909-ல் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதலாகக் கடந்த அதே பிளேரியோ. அவருடைய விமானங்கள் அந்தக் கடற்கரை மணலில் வந்து இறங்கும். சாகச விமானி அடோல்ஃப் பெகூவும் அங்கே இறங்கியிருக்கிறார். நம்ம ஊர்ப் பசங்களுக்குத் தேரோட்டம் எப்படியோ, அந்தப் பையனுக்கு அது அப்படி.

15 வயதில் முதல்முறையாகக் காசு கொடுத்து விமானத்தில் ஏறும் வாய்ப்பு கிடைத்தது. சில நிமிஷம் வானில் ஒரு சுற்று, அவ்வளவுதான். இறங்கும்போதே, என்றாவது ஒருநாள் நாமே ஓட்ட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

ஆனால் அந்த நாள் வர ஏறக்குறைய 10 வருஷம் ஆனது. நடுவில் அம்மா இறந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் ஒரு வருஷம் பணியாற்றினார். கேம்பிரிட்ஜில் இன்ஜினியரிங் படிக்க ஆசைப்பட்டார். அதற்குள் அப்பா பம்பாய்க்கு வரச் சொல்லிவிட்டார். 1925-ல் டாடா அலுவலகத்தில் சேர்ந்தார். மறு வருஷமே அப்பாவும் காலமானார். குடும்பப் பொறுப்பு தலையில் விழுந்தபோது வயது 22. கல்லூரிப் பட்டம் கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறை அவருக்கு வாழ்நாள் முழுக்க இருந்தது.

லைசென்ஸ் நம்பர் 1

பம்பாயில் ஃப்ளையிங் கிளப் தொடங்கியதும் முதலில் போய் நின்றவர்களில் அவரும் ஒருவர். பயிற்சியாளருடன் சில மணி நேரம் மட்டும் பறந்தார். பிறகு தனியாக ஓட்டினார். 1929 பிப்ரவரி 10-ஆம் தேதி லைசென்ஸ் கைக்கு வந்தது. இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் பைலட் லைசென்ஸ் அதுதான். நம்பர் 1.

இன்றைய கணக்கோடு ஒப்பிட்டால் வியப்பாக இருக்கும். இப்போது தனிநபர் பைலட் லைசென்ஸுக்கே குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கமர்ஷியல் லைசென்ஸ் என்றால் 200 மணி நேரம். அன்று விதி அவ்வளவு கடுமை இல்லை. அதற்காக வேலை சுலபம் என்று அர்த்தம் இல்லை. லைசென்ஸ் வாங்கிய பிறகுதான் உண்மையான படிப்பே ஆரம்பித்தது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். ஒவ்வொரு பைலட்டும் லாக்புக் என்ற பதிவேடு வைத்திருப்பார். எந்தத் தேதியில், எந்த விமானத்தில், எங்கிருந்து எங்கே, எத்தனை நேரம் என்று ஒவ்வொரு பயணமும் அதில் ஏறும். விமானத்துக்குத் தனிப் பதிவேடு உண்டு, அது விமானத்தோடு போகும். பைலட்டின் லாக்புக் பைலட்டோடு போகும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க.

தோற்றுப்போன ரேஸ்

ஆகா கான் ஒரு போட்டியை அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டி, குறித்த அவகாசத்துக்குள் முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுண்ட் பரிசு. எந்தத் திசையிலிருந்தும் கிளம்பலாம்.

மூன்று பேர் களத்தில் இறங்கினார்கள். மன்மோகன் சிங் என்ற விமானி (நம் முன்னாள் பிரதமர் இல்லை, வேறொருவர்), 17 வயது ஆஸ்பி இன்ஜினியர், 25 வயது ஜே.ஆர்.டி. ஆஸ்பி இங்கிலாந்திலிருந்து இந்தியாவை நோக்கி வந்தார். ஜே.ஆர்.டி. தன் ஜிப்ஸி மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து இங்கிலாந்து நோக்கிக் கிளம்பினார்.

எகிப்தின் அபூகிர் விமானதளத்தில் ஜே.ஆர்.டி. இறங்கியபோது, ஆஸ்பி அங்கே மாட்டிக்கொண்டு நின்றார். எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை. அது வராமல் அந்தப் பையனால் கிளம்ப முடியாது. ஜே.ஆர்.டி. தன்னிடம் கூடுதலாக இருந்த பிளக்குகளை எடுத்துக் கொடுத்தார். இருவரும் எதிரெதிர்த் திசையில் கிளம்பினார்கள்.

முடிவு? ஆஸ்பி முதலில் கராச்சியை அடைந்தார். ஜே.ஆர்.டி. சில மணி நேர வித்தியாசத்தில் தோற்றார். மன்மோகன் சிங் எல்லாருக்கும் முன்னால் வந்து சேர்ந்திருந்தும், அவகாசத்தைத் தாண்டிவிட்டதால் பரிசு கிடைக்கவில்லை. ஆஸ்பி பிற்காலத்தில் இந்திய விமானப்படையின் தளபதியாகவே ஆனார்.

தோற்றதைப் பற்றி ஜே.ஆர்.டி. வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கராச்சியிலிருந்து லண்டன் வரை தனியாக ஓட்டி முடித்த அனுபவம் அவருடைய லாக்புக்கில் ஏறியாகிவிட்டது. அதை எந்தப் பரிசுக் கமிட்டியும் அழிக்க முடியாது.

கராச்சி டு மெட்ராஸ்: ரேடியோ இல்லை, வழிகாட்டி இல்லை

நெவில் வின்சென்ட் என்பவர் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தவர். இந்தியாவில் தபால் விமான சேவை நடத்தலாம் என்ற திட்டத்தோடு ஜே.ஆர்.டி.யிடம் வந்தவர் அவர்தான். லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் விமானம் தபாலைக் கராச்சிவரை கொண்டு வந்துவிடும். அங்கிருந்து பம்பாய், மெட்ராஸுக்கு ரயில்தான். அந்தத் தூரத்தை விமானத்தில் கொண்டு போனால் எத்தனை நாள் மிச்சம்!

குழுமத்தின் தலைவர் சர் தோராப்ஜி டாடாவுக்கு இதில் பெரிய ஆர்வம் இல்லை. அவரைச் சம்மதிக்க வைத்தவர், டாடாவில் உயர் பொறுப்பில் இருந்த ஜான் பீட்டர்சன். முதலீடு 2 லட்சம் ரூபாய். மறுபக்கம் பிரிட்டிஷ் அரசு இழுத்தடித்தது. கடைசியில் மானியமே வேண்டாம், கொண்டு போகும் தபாலுக்கு மட்டும் கட்டணம் கொடுத்தால் போதும் என்று டாடா தரப்பு இறங்கி வந்தது. 1932 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதல் விமானம் கிளம்புவதற்குள், ஜூன் மாதம் தோராப்ஜி காலமாகிவிட்டார்.

1932 அக்டோபர் 15, காலை 6.35. கராச்சி ட்ரிக் ரோடு விமானதளத்திலிருந்து பஸ் மாத் என்ற ஒற்றை எஞ்சின் விமானம் கிளம்பியது. ஓட்டியவர் ஜே.ஆர்.டி. உள்ளே சுமார் 25 கிலோ தபால். வழியில் அகமதாபாத்தில் பெட்ரோல் போட நிறுத்தம். பெட்ரோல் எதில் வந்தது தெரியுமா? தகர டின்களில், மாட்டுவண்டியில்!

மதியம் 1.50-க்கு பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். அங்கிருந்து தபாலை வாங்கிக்கொண்டு வின்சென்ட் கிளம்பினார். இரவு பெல்லாரியில் தங்கல். மறுநாள் மெட்ராஸ். இன்று நாம் உட்கார்ந்த இடத்திலிருந்து டிக்கெட் போடும் இந்திய விமான சேவையின் முதல் பாதை, நம்ம மெட்ராஸில்தான் வந்து முடிந்தது.

இதில் என்ன கஷ்டம்? அந்த விமானத்தில் ரேடியோ கிடையாது. கீழே வழிகாட்டும் கருவிகள் கிடையாது. பைலட்டிடம் இருந்தது காம்பஸ், வரைபடம், கடிகாரம். மணிக்குச் சுமார் 160 கிலோமீட்டர் வேகத்தில் போகிற சின்ன விமானத்தை, பக்கவாட்டில் 30 கிலோமீட்டர் வேகக் காற்று தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கவனிக்காமல் ஒரு மணி நேரம் நேராக ஓட்டினால், போக வேண்டிய இடத்திலிருந்து 30 கிலோமீட்டர் விலகியிருப்பீர்கள். அதனால் கீழே தெரியும் ஆறு, ரயில் பாதை, கடற்கரை எல்லாவற்றையும் வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காற்றைக் கணித்து மூக்கைக் கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும். எரிபொருள் கணக்கும் மனசுக்குள் ஓட வேண்டும். ஒரு கணக்கு தப்பினால் இறங்க இடம் இருக்காது.

பணம் இருந்தால் விமானம் வாங்கலாம். இந்தக் கணக்கை வாங்க முடியாது. பறந்து பறந்துதான் கற்க வேண்டும்.

முதல் வருஷ மார்க் ஷீட்

கம்பெனியின் ஆரம்ப பலம் இரண்டு விமானங்கள், மூன்று பைலட்டுகள்: ஜே.ஆர்.டி., வின்சென்ட், ஹோமி பரூச்சா. ஜுஹு ஓடுதளம் கடலோரச் சேற்று நிலம். மழைக்காலத்தில் அங்கே இறங்க முடியாது. அந்த மாதங்களில் புனேவுக்கு மாறிக்கொண்டார்கள்.

1933-ல் கணக்கைப் பார்த்தால்: பறந்த தூரம் சுமார் 1,60,000 மைல். பயணிகள் 155 பேர். தபால் 10 டன்னுக்கு மேல். லாபம் 60,000 ரூபாய். எல்லாவற்றையும் விட முக்கியமானது, நேரம் தவறாமை 100 சதவீதம். பருவமழையிலும்கூட. பிரிட்டிஷ் அரசின் விமானத்துறையே, டாடா எப்படிச் செய்கிறது என்று பாருங்கள் என மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டும் அளவுக்கு அது போனது.

1938-ல், 34 வயதில், ஜே.ஆர்.டி. டாடா குழுமத்தின் தலைவரானார். எஃகு, மின்சாரம், ரசாயனம் என்று எத்தனையோ தொழில்கள். மனசு மட்டும் விமானத்தில். 1942-ல் வின்சென்ட் இங்கிலாந்திலிருந்து ராணுவ விமானத்தில் திரும்பும்போது காணாமல் போனார். போரில் சுட்டு வீழ்த்தப்பட்டதாகக் கருதப்படுகிறது. கூடவே நின்று கட்டிய நண்பர் இல்லாமலே அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது.

1946-ல் கம்பெனி ஏர் இந்தியா என்று பெயர் மாறியது. 1948 ஜூன் 8-ல் மலபார் பிரின்சஸ் என்ற விமானம் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. சுதந்திர இந்தியாவுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை.

1953: சேலை சங்கத்துக்குப் போன நாள்

போருக்குப் பிறகு பழைய ராணுவ விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. ஆளாளுக்கு விமான கம்பெனி தொடங்கினார்கள். பயணிகள் குறைவு, கம்பெனிகள் அதிகம். பல கம்பெனிகள் நஷ்டத்தில் தள்ளாடின. மத்திய அரசு எல்லாவற்றையும் தேசியமயமாக்க முடிவெடுத்தது. ஜே.ஆர்.டி. எதிர்த்தார். அரசின் கையில் போனால் தரம் கெடும் என்பது அவர் பயம். தன்னிடம் முறையாகக் கலந்து பேசவில்லை என்ற வருத்தமும் இருந்தது. எதுவும் எடுபடவில்லை. 1953-ல் சட்டம் வந்தது. ஏர் இந்தியா அரசுடையது ஆனது.

அப்போது பிரதமர் நேரு அவரிடம் ஒரு கோரிக்கை வைத்தார்: வெளிநாட்டு சேவை நடத்தும் ஏர் இந்தியா இன்டர்நேஷனலுக்கு நீங்களே சேர்மனாக இருங்கள்.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? கையை விட்டுப் போன கம்பெனிக்கு எதுக்கு உழைக்கணும்னு ஒதுங்கியிருப்போம். ஜே.ஆர்.டி. ஒத்துக்கொண்டார். சம்பளம் வாங்காமல் 25 வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார்.

சும்மா பெயருக்கு இல்லை. விமானத்தில் போகும்போதெல்லாம் குறிப்பு எழுதுவார். டீயும் காபியும் ஒரே நிறத்தில் இருக்கிறது என்பது முதல், சீட் எவ்வளவு சாய்கிறது, திரைச்சீலை எப்படித் தொங்குகிறது என்பது வரை. கவுண்டரில் தூசி இருந்தால் ஊழியரைக் கூப்பிட்டுத் திட்டுவதற்குப் பதில், தானே துடைத்துவிடுவார் என்று உடன் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். காற்றைக் கணித்து மூக்கைத் திருப்பிய அதே கண்தான் இது. சின்ன விலகலை இப்போது சரி செய்யாவிட்டால், ஒரு மணி நேரத்தில் எங்கேயோ போய்விடுவோம் என்பது பைலட்டுக்குத் தெரியும்.

1960-ல் ஏர் இந்தியா போயிங் 707 ஜெட் விமானத்தை இயக்கத் தொடங்கியது. ஆசியாவில் ஜெட் யுகத்துக்குள் முதலில் நுழைந்த விமான நிறுவனங்களில் அதுவும் ஒன்று. உலக அளவில் நல்ல பெயர் எடுத்த காலம் அது.

1978: நாற்காலியும் போனது

1978 புத்தாண்டு தினத்தில் ஏர் இந்தியாவின் ஜம்போ விமானம் எம்பரர் அசோகா, பம்பாயிலிருந்து கிளம்பிய சில நிமிஷத்தில் கடலில் விழுந்தது. இருந்த 213 பேரும் இறந்தார்கள். நிறுவனத்தின் வரலாற்றிலேயே மிகக் கடினமான நாட்களில் ஒன்று.

சரியாக ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 1-ஆம் தேதி, மொரார்ஜி தேசாய் அரசு ஜே.ஆர்.டி.யைச் சேர்மன் பதவியிலிருந்து நீக்கியது. அதிகாரபூர்வக் கடிதம் வருவதற்கு முன்பே, புதிய சேர்மனாக நியமிக்கப்பட்டவர் மூலமாகத்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. 46 வருஷ உறவு இப்படி முடிந்தது. அவருக்கு வயது 73.

1980-ல் இந்திரா காந்தி அரசு அவரை மீண்டும் போர்டில் சேர்த்தது. ஆனால் சேர்மனாக இல்லை.

78 வயதில் ஒரு ஜாய்ரைடு?

1982 அக்டோபர் 15. முதல் தபால் விமானத்துக்கு 50 வருஷம் நிறைந்த நாள். கராச்சியில் லெப்பர்டு மாத் என்ற பழைய ரக ஒற்றை எஞ்சின் விமானம் தயாராக நின்றது. ஏறி உட்கார்ந்தவர் 78 வயது ஜே.ஆர்.டி. அதே பாதை: கராச்சி, அகமதாபாத், பம்பாய் ஜுஹு. 1962-ல் 30-ஆம் வருஷ நிறைவுக்கும் இதே பாதையில் பறந்திருந்தார். அப்போது வயது 58. இப்போது 20 வயது கூடியிருந்தது.

அது வெறும் ஜாய்ரைடு இல்லை. இளைஞர்களிடம் அந்தப் பழைய உற்சாகம் குறைந்துவிட்டதோ என்ற கவலை அவருக்கு இருந்தது. ஒரு வேலையைத் தானே, நன்றாகச் செய்து முடிப்பதில் இருக்கும் சந்தோஷத்தைக் காட்ட வேண்டும் என்பதுதான் நோக்கம். ஜுஹுவில் பத்திரமாக இறங்கினார். அந்தப் பயணத்தில் அவர் எதற்கும் சேர்மன் இல்லை. பைலட். அவ்வளவுதான்.

1992-ல் பாரத ரத்னா கிடைத்தது. 1993 நவம்பர் 29-ல் ஜெனீவாவில் காலமானார். அடக்கம் செய்யப்பட்டது பிறந்த ஊரான பாரிஸில். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா மீண்டும் டாடா குழுமத்துக்கு வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

சரி, இதுல நமக்கு என்ன இருக்கு?

ஒரு விஷயத்தை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடலாம். ஜே.ஆர்.டி.யால் சம்பளம் இல்லாமல் 25 வருஷம் உழைக்க முடிந்தது, ஏனென்றால் அவர் டாடா. பிள்ளையார்பாளையத்து நெசவாளிக்குக் கூலி வந்தாக வேண்டும். மாச இ.எம்.ஐ. கட்டும் நமக்கும் அப்படித்தான். அதனால் பணம் பார்க்காமல் உழைங்கன்னு யாராவது அவர் பெயரைச் சொல்லிப் பாடம் எடுத்தால், தாராளமாக எதிர்க் கேள்வி கேளுங்க.

ஆனால் அவர் கதையில் எல்லாருக்கும் பொருந்தும் ஒன்று இருக்கிறது. வேலை போகும் நாளில் ஐடி கார்டையும் லேப்டாப்பையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். நாம் உருவாக்கிய புராஜெக்ட் வேறு யாருடைய பெயரிலாவது போகும். அது வலிக்கும். ஜே.ஆர்.டி.க்கும் வலித்தது. ஆனால் அவர் கற்றுக்கொண்ட பறத்தல் அவரோடுதான் இருந்தது. காம்பஸ் பார்க்கும் கண்ணும், காற்றைக் கணிக்கும் கையும் எந்த அரசாணையாலும் பறிக்கக்கூடியவை அல்ல. 1953-லும் இல்லை, 1978-லும் இல்லை.

விமானம் யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கட்டும். லாக்புக் பைலட்டுடையது. நம்ம ஊர்த் தறியிலும் அப்படித்தான். சேலை கடைக்குப் போய்விடும். அடுத்த பாவு ஏறும்போது, கோர்வை போடத் தெரிந்த கை அதே வீட்டில்தான் இருக்கும்.